கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

குழந்தை பேசத் தொடங்கிய பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸிலேயே கிறிஸ்தவப் பெற்றோர் ஒரு முடிவை எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்ததே பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. இரவில் ஒருவர் வந்து பரிசு வைத்துவிட்டுப் போனார் என்று சொல்வதா, வேண்டாமா என்பதே அந்த முடிவு. சொல்லிவிட்டால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அதைக் கட்டிக்காத்துக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், சொல்லுகிற வீடுகளின் பிள்ளைகளுக்கு நடுவே நம் பிள்ளை தனித்து நிற்கும். இதில் கூடுதலான ஒரு சிக்கலும் உண்டு. அதே பெற்றோர், அதே நாட்களில், அதே குரலில், பெத்லகேமில் பிறந்த குழந்தையைப் பற்றியும் மேய்ப்பர்களுக்குத் தோன்றிய தூதர்களைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே வாயிலிருந்து வரும் இரண்டு செய்திகளில் ஒன்றைச் சொல்பவர்கள் நம்புகிறார்கள், மற்றொன்றை நம்பவில்லை. கேட்கிற பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நடைமுறையில் நான்கு வழிகளே தென்படுகின்றன. தாத்தா உண்மையாகவே வருகிறார் என்று முழுமையாக நம்பவைப்பது ஒன்று. அவருக்கு வீட்டில் இடமே கொடுக்காமல் விலக்கிவைப்பது இன்னொன்று. சிவப்பு அங்கியைக் களைந்துவிட்டு, தாத்தாவின் கதைக்கு மூலமாக அதற்குள் மறைந்திருக்கும் ஆயர் நிக்கோலாஸையோ அல்லது குழந்தை இயேசுவையோ பரிசு தருபவராக முன்னிறுத்துவது மூன்றாவது. எல்லோரும் சேர்ந்து ஆடும் விளையாட்டு இது என்பதைப் பிள்ளையும் உணரும்படி கொண்டாடுவது நான்காவது. விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துப்போகும் பல் தேவதைக்கும், ஈஸ்டரில் முட்டை கொண்டுவரும் முயலுக்கும் இதே வழிகள் பொருந்துவதுபோலத் தோன்றலாம். பல் தேவதைக்குத் திருச்சபையோடு எந்த உறவும் இல்லாததால் அதை இங்கேயே விட்டுவிடலாம். முயலின் சங்கதி வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வழியை ஆதரிப்பவர்களின் வாதத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. கண்ணால் காணாத ஒருவரின் அன்பில் மகிழப் பழகிய மனம், பின்னாளில் காணாத தேவனின் அன்புக்கும் எளிதில் திறந்துகொள்ளும் என்கிறார்கள் அவர்கள். உண்மை தெரியவரும் நாளில் பிள்ளை உடைந்துபோகும் என்ற அச்சத்துக்கும் ஆய்வுகள் பெரிய ஆதரவு தரவில்லை. தாத்தாவை நம்புவதை விட்டுவிட்ட 52 குழந்தைகளைத் தனித்தனியாகச் சந்தித்துப் பேசி, கார்ல் ஆண்டர்சனும் நார்மன் பிரெண்டிஸும் 1994இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரும்பாலான பிள்ளைகள் ஏழு வயதளவில் தாங்களாகவே உண்மையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதைப் பற்றி அவர்கள் சொன்ன உணர்வுகளிலும் மகிழ்ச்சியே மேலோங்கியிருந்தது. வருத்தப்பட்டவர்கள் பெற்றோர்களே. அந்த மாயை யாருக்காக வளர்க்கப்பட்டது என்ற ஐயம் இதைப் படிக்கும்போது எழாமல் இருப்பதில்லை. ஆயினும் ஐம்பத்திரண்டு பேரிடம் கேட்டறிந்ததை விசுவாசத்தைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. மனம் நோகவில்லை என்பதற்கும், மனத்தில் எதுவும் பதியவில்லை என்பதற்கும் இடையே வெகுதூரம் இருக்கிறது.

என்ன பதிகிறது என்று பார்த்தால், பொய் சொன்னார்கள் என்பதைவிட, தாத்தாவின் வழியாகப் பிள்ளை கற்றுக்கொள்ளும் இறையியலே எனக்குப் பெரிய தடையாகத் தெரிகிறது. தாத்தாவிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. நல்ல பிள்ளைகள் ஒரு பக்கம், குறும்புக்காரர்கள் மறுபக்கம். ஆண்டு முழுவதும் கவனித்து, கணக்குப் பார்த்து, தகுதிக்கேற்பப் பரிசு தருகிறார். சுவிசேஷம் சொல்வது இதற்கு நேர் எதிரானது. பரமபிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் தமது சூரியனை உதிக்கச் செய்கிறார் என்கிறது மத்தேயு 5:45. நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது ரோமர் 5:8. கிருபை என்பது சம்பாதிக்காத ஈவு. டிசம்பர் முழுவதும் சம்பாதிப்பின் கணக்கைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் வரும் கிருபை என்ற சொல் வெறும் ஓசையாகப் போய்விடக்கூடும். இன்னொன்றும் உண்டு. வசதியான வீட்டில் தாத்தா அதிகம் வைப்பார், வசதியற்ற வீட்டில் குறைவாக வைப்பார். பரிசு நற்குணத்தின் அளவு என்றால், ஏழைப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்? பணக்கார வீட்டுப் பிள்ளை வரும் முடிவு அதைவிடவும் மோசமாக இருக்கலாம்.

ஜெபத்தின் விஷயத்திலும் தாத்தா நல்ல ஆசிரியர் அல்லர். அவருக்குக் கடிதம் எழுதினால், எழுதியது கையில் கிடைக்கிறது. நோயுற்ற ஒருவருக்காகப் பிள்ளை செய்யும் ஜெபமோ கேட்டபடியே எப்போதும் நிறைவேறுவதில்லை. தாத்தாவையும் தேவனையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் ஆறு வயதுக் குழந்தையின் கண்ணில், தாத்தாதான் சொன்ன சொல் தவறாதவர். பிறகு ஒருநாள், சொல் தவறாதவரே இல்லாதவர் என்று தெரியவரும்போது, மற்றவரைப் பற்றியும் அது யோசிக்கத்தான் செய்யும்.

யோசிக்கும் கருவிகளும் அதே கருவிகள்தான். ஒரே இரவில் உலகமெங்கும் எப்படிப் போக முடியும், எல்லோரையும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்க்க முடியும், நேரில் கண்டவர்கள் யார் என்ற கேள்விகளால்தான் பிள்ளைகள் தாத்தாவைக் கழற்றிப் பார்க்கிறார்கள். எங்கும் இருப்பவர், எல்லாம் அறிந்தவர், மனிதக் கண்ணுக்கு மறைந்திருப்பவர் என்று தேவனைப் பற்றி நாம் சொல்லிக்கொடுத்தவற்றின்மேல் அதே கேள்விகளை வைக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. கடவுள் என்பவர் பெரியவர்களின் கிறிஸ்துமஸ் தாத்தா என்று நாத்திகர்கள் கேலியாகச் சொல்வதும் இந்த ஒற்றுமையைக் கொண்டுதான்.

அந்தக் கேலிக்கு வலுவான பதில் இருக்கிறது. தாத்தாவைப் பற்றிச் சொல்லும் எந்தப் பெற்றோரும் அவரை நம்புவதில்லை. அவர் வந்துபோனதற்கான தடயங்களைக்கூட அவர்களே செய்துவைக்கிறார்கள். வளர்ந்த பிறகு ஆராய்ந்து தாத்தாவை நம்பத் தொடங்கியவர் ஒருவரும் இல்லை. முதிர்ந்த வயதில் கிறிஸ்துவிடம் வந்தவர்கள் ஏராளம். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று 1 கொரிந்தியர் 15இல் பவுல் தம் முழு வாழ்வையும் ஒரு நிகழ்வின்மேல் பணயம் வைக்கிறார். தாங்கள் தந்திரமான கட்டுக்கதைகளைப் பின்பற்றியவர்கள் அல்லர், கண்ணாரக் கண்டவர்கள் என்று 2 பேதுரு 1:16 சொல்கிறது. அதாவது, கட்டுக்கதைக்கும் சாட்சிக்கும் இடையே கோடு போடும் வேலையைப் புதிய ஏற்பாடே செய்துவைத்திருக்கிறது. அந்தக் கோட்டை முதல் வழி வீட்டுக்குள்ளேயே அழித்துவிடுகிறது என்பதுதான் என் வாதம். பதில் பெரியவர்களுக்கு விளங்கும். ஆனால் அப்பா நம்பிச் சொன்னது எது, நம்பாமல் சொன்னது எது என்பதைப் பிள்ளை எதைக் கொண்டு பிரித்தறியும்?

பிள்ளைகள் இதை ஓரளவு மோப்பம் பிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. உளவியலாளர் பால் ஹாரிஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருப்பதைப் பற்றி இளம் பிள்ளைகள் காட்டிய உறுதி, கடவுள், தாத்தா போன்றோரைப் பற்றிப் பேசும்போது சற்றுக் குறைந்திருந்தது. கிருமியை நான் நம்புகிறேன் என்று எந்தத் தாயும் சொல்வதில்லை, கையைக் கழுவு என்றுதான் சொல்கிறாள். நம்புகிறேன் என்று அழுத்திச் சொல்லப்படும் இடங்களில் ஏதோ ஐயம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் பேச்சிலிருந்தே பிடித்துக்கொள்ளக்கூடும் என்பது ஹாரிஸ் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. கிறிஸ்தவப் பெற்றோரை இது சங்கடப்படுத்த வேண்டும். ஏனெனில் அந்த ஆய்வில் தேவனும் தாத்தாவும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

முதல் வழியில் செல்பவர்கள், கேள்வி முற்றும்போது வழக்கமாக ஒரு சந்துக்குள் ஒதுங்குவார்கள். 1897இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தாத்தா உண்மையா என்று நியூயார்க்கின் 'சன்' நாளிதழுக்கு எழுதிக் கேட்டாள். அன்பும் தாராளமும் இருப்பது எத்தனை நிச்சயமோ அத்தனை நிச்சயமாக அவரும் இருக்கிறார் என்று பிரான்சிஸ் சர்ச் எழுதிய தலையங்கம் இன்றுவரை அழகான பதிலாகக் கொண்டாடப்படுகிறது. எனக்கு அது நழுவலாகவே படுகிறது. அவள் கேட்டது ஒருவர் இருக்கிறாரா என்பது. கிடைத்தது ஓர் உருவகம். உயிர்த்தெழுதலைப் பற்றி அதே பிள்ளை கேட்டு, நம் நெஞ்சங்களில் அவர் எழுந்திருக்கிறார் என்று மட்டும் போதகர் பதில் சொன்னால், பவுல் மறுத்த இடத்துக்கே நாம் திரும்பிவிட்டோம் என்று பொருள்.

இனி, பொய் பற்றிய கேள்வி. தமிழ் படித்தவர்களுக்கு இங்கே உடனே வள்ளுவர் நினைவுக்கு வருவார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள். தாத்தாவை அந்தக் குறளின் நிழலில் அமர்த்திவிடலாம் என்று தோன்றும். கிறிஸ்தவ மரபின் பெரும்போக்கு அவ்வளவு இளகியதல்ல. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பொய் குறித்துத் தனி நூலே எழுதிய திருச்சபைச் சிந்தனையாளர் அகுஸ்தீன், ஓர் உயிரைக் காப்பதற்காகக்கூடப் பொய் கூடாது என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் பொய்களை விளையாட்டுக்குச் சொல்வது, உதவிக்குச் சொல்வது, கேடு விளைவிக்கச் சொல்வது என்று பிரித்து, முதல் இரண்டின் கனத்தைக் குறைத்தார். ஆனால் பாவமல்ல என்று விலக்கு அளிக்கவில்லை. இந்த வாதத்தில் பலர் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு நுட்பம் அகுஸ்தீனிடமே இருக்கிறது. வேடிக்கையை அவர் பொய்க் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சொல்பவரின் குரலும் பாவனையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதைக் காட்டிவிடுகின்றன என்பது அவர் சொன்ன காரணம். நான்காவது வழிக்கான கதவை அத்தனை கண்டிப்பானவரே திறந்துவைத்திருக்கிறார். குறளும்கூட, நன்மை புரைதீர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. பிள்ளை நேரடியாகக் கேட்ட பிறகும் தொடரும் ஏமாற்றில் அந்தப் புரை இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி எளிமையானது, சுத்தமானதும்கூட. வரலாற்றில் இதற்கு வலிமையான முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பே குடியேற்றத்தில் வாழ்ந்த, கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே தடைசெய்து, மீறுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். அந்தச் சட்டம் 1681இல் நீக்கப்பட்டது. அன்று இன்றைய தாத்தா பிறந்திருக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் எதிர்த்தது வேதத்தில் இல்லாத பண்டிகையை. யெகோவாவின் சாட்சிகள் இன்றும் கிறிஸ்துமஸைக் கொண்டாடுவதில்லை. தாத்தாவையே நேரடியாகக் குறிவைத்த நிகழ்வு பிரான்சில் நடந்தது. 1951 டிசம்பர் 23 அன்று திஜோன் நகரப் பேராலயத்தின் வாசலில், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தாத்தாவின் உருவ பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டு எரித்தார்கள். கிறிஸ்துவின் பிறப்பு விழாவை அபகரித்தவர், அதைப் புறமதமாக்கியவர் என்பவை அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள். மறுநாளே நகர மன்றக் கட்டடத்தின் கூரைமேல் தாத்தாவை மீண்டும் தோன்றச் செய்தார்கள். மானிடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் அடுத்த ஆண்டே இதை ஒரு கட்டுரையில் ஆராய்ந்து, அழிக்க நினைத்தவர்களே அவருக்கு ஒரு சடங்கு நாயகனின் நிலையை மீட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார். மரித்தவர் மறுநாள் எழுந்து வந்த கதையைக் குருமார்களே அவருக்கு வழங்கியதுபோல் ஆயிற்று.

திஜோன் தரும் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். தாத்தாவைக் கடுமையாக விலக்கும் வீட்டில் அவர் மறைவதில்லை. விலக்கப்பட்டவராக இன்னும் பெரிதாகிறார். அத்துடன், உண்மை அறிந்த நம் பிள்ளை அதை மற்றப் பிள்ளைகளிடம் போட்டு உடைக்கும்போது, மெய்யைப் பேசுவது அன்போடு பேசுவதாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டளை நினைவில் நிற்பதில்லை. பிறரைவிடத் தான் மேலானவன் என்ற பெருமை குழந்தை மனத்தில் முளைப்பதைக் காட்டிலும் தாத்தா எவ்வளவோ தேவலை. ஆனாலும் மனசாட்சி உறுத்தும் பெற்றோருக்கு இது மதிக்கத்தக்க வழியே. பதற்றமில்லாமல், எங்கள் வீட்டில் இதைச் செய்வதில்லை என்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

மூன்றாவது வழி முதல் பார்வைக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதுபோல் இருக்கிறது. இன்றைய துருக்கியின் தென்கரையில் டெம்ரே என்று அழைக்கப்படும் மீரா நகரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் நிக்கோலாஸ். திருமணத்துக்குப் பணமில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் யாரும் அறியாமல் பொன்முடிப்பை எறிந்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற கிறிஸ்துவின் போதனைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். அவரிடம் பட்டியல் இல்லை. அந்தப் பெண்கள் நல்லவர்களா என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. அவர் நினைவு நாளான டிசம்பர் 6ஐக் கிறிஸ்துமஸிலிருந்து தனியே கொண்டாடினால், டிசம்பர் 25 முழுமையாகக் கிறிஸ்துவுக்கு மிஞ்சும். ஆனால் உண்மைக்காகத் தாத்தாவை விட்டு ஆயரிடம் வருபவர்கள், அவரைப் பற்றியும் உண்மையையே சொல்ல வேண்டும். அவர் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. விரிவான வாழ்க்கை வரலாறுகள் பல நூற்றாண்டுகள் கழித்தே எழுதப்பட்டன. 325இல் ஆயர்கள் கூடிய நிக்கேயா சங்கத்தில் அவர் இருந்தாரா என்பதில் பழைய பட்டியல்கள் ஒத்துப்போவதில்லை. கிறிஸ்து பிதாவுக்குச் சமமானவர் அல்லர் என்று போதித்த ஆரியுஸை அங்கே அவர் கன்னத்தில் அறைந்தார் என்ற பேர்பெற்ற கதை மிகவும் பிற்காலத்தது. ஆகவே, இப்படிச் சொல்லப்படுகிறது என்ற ஒரு சொற்றொடரைப் பெற்றோர் கைவிடாமல் இருக்க வேண்டும்.

இதே வழியின் இன்னொரு கிளையான, குழந்தை இயேசுவே பரிசு கொண்டுவருகிறார் என்று சொல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். புனிதர் வழிபாட்டிலிருந்து மக்களைத் திருப்ப மார்ட்டின் லூதரும் அவர் வழிவந்தோரும் நிக்கோலாஸுக்குப் பதிலாகக் 'கிறிஸ்ட்கிண்ட்' என்ற கிறிஸ்து குழந்தையை முன்னிறுத்தினார்கள். காலப்போக்கில் அது பொன்முடி கொண்ட தேவதைச் சிறுமியின் உருவத்தை எடுத்தது. இன்றைக்குத் தென் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கமாகவும் நிலைத்திருக்கிறது. சீர்திருத்தவாதிகளின் மாற்று மருந்து மறுதரப்பு வீட்டின் விருந்தாகிப் போனது வரலாற்றின் குறும்பு. என் கவலை வேறு. தாத்தாவின் பெயரில் சொன்ன கதை கலைந்தால் தாத்தா போவார். இயேசுவின் பெயரில் சொன்ன கதை கலைந்தால் யார் போவார்?

நான்காவது வழியில் தாத்தா வருவார், ஆனால் நாடகத்தில் வருவதுபோல் வருவார். மூன்று வயதுக் குழந்தைகூட மரக்கட்டையைத் தொலைபேசியாக்கிப் பேசுகிறது; அது மரக்கட்டை என்று அதற்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே மகிழும் அந்தத் திறனை நம்பித்தான் இந்த வழி நிற்கிறது. தாத்தா வேடமிடும் மாமாவைப் பார்த்து எல்லோரும் சிரிக்கலாம், பரிசைத் தாத்தா பெயரில் ஒளித்துவைக்கலாம், அடுத்த ஆண்டு பிள்ளையே தங்கைக்குத் தாத்தாவாகலாம். தாத்தாவின் கைநூலாகிவிட்ட கவிதை 1823இல் அமெரிக்காவின் ட்ராய் நகரத்துச் செய்தித்தாளொன்றில் வெளிவந்ததையும், ஓவியர் தாமஸ் நாஸ்ட் 1863 முதல் வரைந்த படங்கள் அவருக்கு உருவம் தந்ததையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், ஒரு கதை எப்படி உருவாகிறது என்பதையும் அவர்கள் கற்கிறார்கள். பட்டியலையும் மிரட்டலையும் மட்டும் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டும். குறும்பு செய்தால் தாத்தா வரமாட்டார் என்று சொல்லிவிட்டால் அந்தக் கணமே விளையாட்டு போய், கண்காணிப்பு வந்துவிடுகிறது.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். முழு நம்பிக்கையில் விழித்தெழும் காலையின் பரவசம் விளையாட்டில் கிடைக்காது. அந்த இழப்பு உண்மையானது. தவிரவும், மிகச் சிறிய குழந்தைகள் விளையாட்டையே நிஜமாக எடுத்துக்கொள்வார்கள். அதைத் தினமும் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஈஸ்டர் முயலுக்கு நான்காவது வழியைக்கூட நான் தயங்கியே அனுமதிப்பேன். அந்த முயல் ஜெர்மானியப் பகுதிகளின் பழக்கம். முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றிய பழைய குறிப்பொன்று 1682இல் ஒரு மருத்துவர் எழுதிய நூலில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகளோடு அது பென்சில்வேனியா சென்றது. அது ஒரு புறமதத் தேவியின் வாகனம் என்று பரப்பப்படும் செய்திக்குப் பழைய ஆதாரம் இல்லை; ஈயோஸ்ட்ரே என்ற அந்தத் தேவியின் பெயரைக் குறித்த எட்டாம் நூற்றாண்டின் பீட் என்ற துறவி முயலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே பயந்து விலக வேண்டியதில்லை. என் தயக்கத்தின் காரணம் நாளின் கனம். கிறிஸ்துமஸ் தாத்தா பரிசைப் பற்றிய கதை. அதற்கு அருகில் நிக்கோலாஸ் என்ற பாலமாவது இருக்கிறது. கல்லறை காலியாயிருந்தது என்ற சாட்சியை அறிவிக்கும் அதே காலையில், முட்டையிடும் முயல் வந்தது என்று சிரிக்காத முகத்தோடு சொல்வதற்கு எந்தப் பாலமும் இல்லை. முட்டை தேடும் விளையாட்டை வைத்துக்கொண்டு, அதை ஒளித்துவைத்தவர்கள் பெரியவர்கள்தான் என்று சொல்லிவிட்டால் யாருடைய மகிழ்ச்சியும் குறையாது.

ஆக, புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு என் தேர்வு நான்காவது வழி. அதனோடு டிசம்பர் 6இல் நிக்கோலாஸின் கதை. ஏற்கெனவே முதல் வழியில் சில ஆண்டுகள் போய்விட்ட வீட்டில் திடீரென்று கூட்டம் கூட்டி அறிவிக்க வேண்டாம். இந்த ஆண்டு புதிய தடயங்களைச் செய்வதை நிறுத்தினால் போதும். கேள்வி தானாக வரும். அது வரும் நாளில், நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டு நழுவாமல், பரிசை வைத்தது நாங்கள்தான், அது உன்னோடு ஆடிய விளையாட்டு என்று சொல்லிவிட வேண்டும். அடுத்த கேள்வி பெரும்பாலும், அப்படியானால் இயேசு என்பதாகவே இருக்கும். அதற்கு, அவரை நாங்களே நம்புகிறோம், அதனால்தான் உன்னிடமும் சொல்கிறோம் என்று பதில் சொல்லலாம். ஏன் நம்புகிறோம் என்பதைப் பிள்ளை கேட்கும்வரை காத்திருக்காமல், சுவிசேஷத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றே பேசத் தொடங்கலாம்.